திரையில் மூன்று எண்கள்

ஜூன் 30, ஞாயிறு

முழங்கால் இன்றைக்கும் பாதிக்கு மேல் மடங்கவில்லை. பிப்ரவரியில் வாளையார் ரோட்டில் விழுந்து, தசைநார் அறுந்து, ஆபரேஷன் முடிந்து நாலு மாதம் ஆகிறது. ஆகஸ்ட் முடியும்வரை சைக்கிளைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதினொரு முறை இருநூறு கிலோமீட்டர் ஓட்டி மெடல் வாங்கியவனிடம் அதைச் சொல்லும்போது மனுஷர் சிரித்தார் வேறு.

கலாமணி காலை ஐந்து மணிக்குப் போய் எட்டே முக்காலுக்கு வந்தாள். எழுபது கிலோமீட்டராம். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சமையல்கட்டில் நின்று பேசிக்கொண்டே இருந்தாள். எங்கே மயில் பார்த்தாள், எந்த ஏற்றத்தில் யாரை முந்தினாள், எல்லாம் வந்தது. காபி மட்டும் வரவில்லை. ஒன்பதேகாலுக்கு வந்தது. கல்யாணமாகி இருபத்தி நாலு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

சர்க்கரைக்கு நல்லது என்று போன வருஷம் அவளைச் சைக்கிளில் ஏற்றிவிட்டதே நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

ஜூலை 3, புதன்

பிசியோதெரபி. வலி. வரும் வழியில் கிளப் ஆள் ஒருவன், நேற்றுச் சேர்ந்தவன், என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனிடம் அறிமுகம் செய்தான். 'இவருதான் கலாமணியக்கா வீட்டுக்காரர்' என்றான்.

அந்த கிளப்பை ஆரம்பித்த நாலு பேரில் நான் ஒருவன். நாசமாய்ப் போகட்டும்.

ஜூலை 6, சனி

இருபத்தெட்டாம் தேதி இருநூறு கிலோமீட்டர் ஓட்டம் அறிவித்திருக்கிறார்கள். ஈச்சனாரியிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனி. வந்ததற்குச் சாட்சியாக அங்கே அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும். காலை ஆறுக்குக் கிளம்பினால் மாலை ஏழரைக்குள், அதாவது பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், முடித்தாக வேண்டும். டீ குடித்த நேரம், பஞ்சர் ஒட்டிய நேரம், மரத்தடியில் காலை நீட்டிய நேரம் எல்லாம் அதற்குள்தான் அடக்கம். கடிகாரம் யாருக்காகவும் நிற்காது. ஒரு நிமிஷம் தாண்டினாலும் ஓட்டியது ஓட்டாத கணக்கு.

கலாமணி பேர் கொடுத்துவிட்டாள். கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் கேட்டாள்.

நான் கத்தவில்லை. நிதானமாகத்தான் பேசினேன். வயது நாற்பத்தேழு, உடம்பில் சர்க்கரை, வீட்டில் நொண்டிப் புருஷன், இதெல்லாம் ஊர் சிரிக்கிற கூத்து என்றேன். அவள் முகம் சின்னதாகிவிட்டது. சரி, விளையாட்டாக ஒரு ஒப்பந்தம் என்றேன். இந்த இருநூறை முடித்துவிட்டால் அவள் இஷ்டம்போல முன்னூறோ அறுநூறோ ஓட்டட்டும், நான் வாயைத் திறக்கமாட்டேன். முடிக்காவிட்டால் சைக்கிளை விற்றுவிட்டு வீட்டைப் பார்க்க வேண்டும்.

"சத்தியமாங்க? முடிச்சுட்டா அப்புறம் ஒண்ணுஞ் சொல்லக் கூடாதுங்க" என்றாள்.

சாமி அலமாரி முன்னால் கூட்டிக்கொண்டு போய் கற்பூரத்தைப் பொருத்தி, அதை அணைத்து சத்தியம் செய்தாள். என்னையும் செய்ய வைத்தாள். அவர்கள் வீட்டில் கற்பூரத்தை அணைத்துச் சொன்ன வார்த்தையை யாரும் மீறியதில்லை. அவள் சித்தப்பா ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டுத் தம்பியோடு முப்பது வருஷம் பேசாமலே செத்தார்.

ஜூலை 11, வியாழன்

என் சைக்கிள் கம்ப்யூட்டரை அவள் ஹேண்டில்பாரில் மாட்டிக் கொடுத்தேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதில் பத்து எண்கள் வரை காட்டலாம். வேகம், தூரம், இதயத் துடிப்பு, ஏற்றம், மணி, எது வேண்டுமோ அதைக் கட்டங்களில் பொருத்திக்கொள்ளலாம். நான் எட்டு வைத்திருந்தேன்.

அவளுக்குக் கிட்டப் பார்வை மங்கல். கண்ணாடி போட்டால் ரோடு தெரியாது, கழற்றினால் எண் தெரியாது. எட்டைக் காட்டினேன், எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதுங்க என்றாள். ஆறு, ஐந்து, நாலு என்று குறைத்துக்கொண்டே வந்தோம். மூன்று கட்டமாக்கியதும் எண்கள் பெரிதாகி, கண்ணாடி இல்லாமல் படித்தாள். ஆக மூன்றுதான். எந்த மூன்று என்பதுதான் கேள்வி.

தூரமும் வேகமும் சரி. மூன்றாவதாக மணி வேண்டும் என்றாள். ஏழரைக்குள் வரவேண்டும் என்றால் மணி தெரிந்தால் போதுமே என்றாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு இதில் அனுபவம் உண்டு. ஸ்பின்னிங் மில்லில் இருபத்தெட்டு வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன். ஒவ்வொரு மெஷின் மேலும் ஒரு கரும்பலகை தொங்கும். அதில் எந்த எண்ணை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்று தீர்மானித்தவன் நான். எவ்வளவு நூற்றார்கள் என்று எழுத விடமாட்டேன், தலைக்கனம் வரும். எத்தனை தடவை நூல் அறுந்தது என்பதை மட்டும் எழுதச் சொல்வேன். பெண்கள் தலை நிமிராமல் வேலை செய்வார்கள்.

மணியைப் பார்த்தால் பதற்றம்தான் வரும் என்று அவளிடம் விளக்கினேன். மூன்றாவது கட்டத்தில் 'ஓட்டிய நேரம்' வைத்தேன். சக்கரம் சுழன்றால் மட்டும் அது ஓடும், நின்றால் அதுவும் நிற்கும். பதின்மூன்றரைக்குள் இருக்கிறாளா என்று பார்த்துக்கொள்ள இது தோதாக இருக்கும்.

"நீங்க சொன்னாச் சரிங்க" என்றாள். பொதுவாகவே அவளிடம் இது நல்ல குணம்.

ஜூலை 14, ஞாயிறு

ஆடி பிறக்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதற்குள் ஆரம்பித்துவிட்டது. பழனிக்குப் போகும்போது முதுகில் தள்ளும். திரும்பும்போது நெஞ்சில் அடிக்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது இவள் எம்மாத்திரம். சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

கீரை வாங்க நானே ஊன்றுகோலோடு போனேன். அவள் உடற்பயிற்சியில் இருந்தாள்.

ஜூலை 21, ஞாயிறு

நூற்றிருபது கிலோமீட்டர் பயிற்சி முடித்து வந்தாள். கன்னம் இரண்டும் வெயிலில் கறுத்துப் பளபளவென்று இருந்தது. கல்யாணமான புதிதில்கூட இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. எரிச்சலாக வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

"எவ்வளவு நல்ல பொட்டிங்க இது. நான் நின்னா அதும் நின்னுக்குது. அவசரப்படுத்தறதே இல்லைங்க" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நானும் சொல்லத்தான் வாயெடுத்தேன். குக்கர் விசில் அடித்தது, அவள் எழுந்து போய்விட்டாள். பிறகு மறந்துவிட்டது.

ஜூலை 27, சனி

பைகளைச் சரிபார்த்தேன். இரண்டு டியூப், காற்றடிக்கும் பம்ப், உலர்ந்த திராட்சை, சர்க்கரை இறங்கினால் வாயில் போட மிட்டாய். எல்லாம் நானே எடுத்து வைத்தேன். செயினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் காலோடு எனக்காக இவ்வளவு செய்யறீங்களே என்று கண் கலங்கினாள். வேறு எந்தப் புருஷன் செய்வான், சொல்லுங்கள் பார்ப்போம்.

ஓட்டத்தின் விதிகளை இங்கிலீஷில் அனுப்பியிருந்தார்கள். படித்துச் சொல்லச் சொன்னாள். ஹெல்மெட், லைட், மஞ்சள் சட்டை, குப்பை போடக் கூடாது, முக்கியமானதெல்லாம் சொன்னேன்.

ஜூலை 28, ஞாயிறு

காலை ஆறுக்குக் கிளம்பிப் போனாள். நான் ஆட்டோவில் வீடு திரும்பி, தோசை வார்த்துச் சாப்பிட்டு, பேப்பர் படித்தேன்.

மதியம் பன்னிரண்டுக்குப் பழனியிலிருந்து போன். பதினொன்று ஐம்பதுக்கே போய்ச் சேர்ந்துவிட்டாளாம். அங்கே முத்திரை மேசையை மூட நாற்பது நிமிஷம் பாக்கி இருக்கிறது. நல்ல வேகம்தான், காற்று தள்ளியிருக்கிறது. ரோட்டில் நின்றே மலையைப் பார்த்துக் கும்பிட்டாளாம். ஏதோ சந்தேகம் கேட்டாள். முத்திரை போடும் இடத்தில் சொல்கிற நேரத்துக்கும் பெட்டியில் காட்டும் நேரத்துக்கும் முக்கால் மணி வித்தியாசம் வருகிறது, எதைப் பார்த்து ஓட்டுவது என்று. பெட்டியைப் பார்த்து ஓட்டு, கண்டவர்கள் பேச்சைக் கேட்டுக் குழம்பாதே, நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடு என்று தைரியம் சொன்னேன். பாதி தூரத்தில் நிற்பவளைப் பதற வைக்க முடியுமா?

மாலை ஐந்துக்கே, ஓட்டம் முடிகிற ஈச்சனாரி மண்டபத்துக்குப் போய்விட்டேன். ஒவ்வொருவராக வந்தார்கள், கைதட்டினோம். ஏழே காலானது. பசித்தது. இரண்டு போண்டா சாப்பிட்டேன். ஏழு இருபத்தொன்றுக்கு ஒரு பெண் கையெல்லாம் கிரீஸோடு ஓடி வந்து கையெழுத்துப் போட்டாள். கோமங்கலம் தாண்டி அவளுக்குச் செயின் அறுந்துவிட்டதாம். கலாமணியக்காதான் அரைமணி நேரம் கூடவே இருந்து கோத்துக் கொடுத்தார்களாம். அக்காவுக்கு நேரமாகவில்லையா என்று கேட்டதற்கு, எனக்கு நிறைய இருக்குது கண்ணு, நீ முன்னால போ என்று அனுப்பிவிட்டார்களாம். அந்தப் பெண்ணுக்கு மெடல் கொடுத்தார்கள்.

ஏழரையானது. பதிவேட்டில் கோடு போட்டார்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஏழு நாற்பத்திரண்டுக்கு வந்தாள். உதடு வெடித்து, கண் சிவந்து, சிரித்துக்கொண்டு வந்தாள். காலை ஊன்றியதும் பெட்டியைத் தட்டிக் காட்டினாள். பதினொன்று ஐம்பது என்று இருந்தது.

"ஏனுங்க, இன்னும் ஒன்னரை மணிக்கு மேல மிச்சம் இருக்குதுங்க. காத்துதான் கொன்னு போட்டுது. இல்லீனா இன்னும் சுருக்கா வந்திருப்பேன்" என்றாள்.

யாரும் கைதட்டவில்லை. பதிவேட்டுக்காரர் எழுந்து நின்று, ரொம்ப மரியாதையாக, பன்னிரண்டு நிமிஷம் தாண்டிவிட்டது அம்மா என்றார். அவள் சிரிப்பு மாறாமல், நின்ன நேரத்தைக் கழிச்சுப் பாருங்க என்றாள். அவர் கழிப்பதில்லை என்றார். அவள் பெட்டியைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து அவள் பின் டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். இருந்தது.

ஜூலை 29, திங்கள்

காலை ஆறரைக்குக் காபி வந்தது.

அவளாகவே பேச்சை எடுத்தாள். போனில் நான் சரியாகக் கேட்டிருக்க மாட்டேனுங்க, அந்த இடத்தில் ஒரே இரைச்சல் என்றாள். மூணுக்கு மேல் படிக்கிற கண் இருந்திருந்தால் மணியும் தெரிந்திருக்கும், எல்லாம் என் தப்பு என்றாள். விடு, எழுதி வைத்தது அவ்வளவுதான் என்று ஆறுதல் சொன்னேன். அவள் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். வெண்ணெய் தடவிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

சைக்கிளை விற்றாகிவிட்டது. அவசரமில்லை என்றுதான் சொன்னேன். கற்பூரத்தை அணைச்சிட்டு நாள் தள்ளக் கூடாதுங்க என்று அவளே ஆள் பிடித்தாள். வாங்கியவன் சீட்டை உயரமாக்கி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் தெரு திரும்பின பிறகும் நின்றாள். உள்ளே வா, வெயில் என்று கூப்பிட்டேன். வந்து அரிசி களைந்தாள்.

வீடு அமைதியாக இருக்கிறது. எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஆகஸ்ட் 7, புதன்

முழங்கால் நன்றாகவே மடங்குகிறது. டாக்டருக்கே ஆச்சரியம். கம்ப்யூட்டரில் பழையபடி எட்டுக் கட்டம் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மாலை நாலு மணிக்கு சுகந்தி வந்தாள். கிளப் பெண். பாங்கில் வேலை பார்க்கிறாள். பழனியில் முத்திரை போட உட்கார்ந்திருந்தவள் அவள்தானாம். கலாமணி சைக்கிளை விற்றதைக் கேள்விப்பட்டு மனசு கேட்காமல் வந்தேன் என்றாள். செப்டம்பரில் இன்னொரு இருநூறு இருக்கிறதாம். தன் பழைய சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள். நான் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். கலாமணி இருவருக்கும் கேசரி கொண்டு வந்தாள்.

அப்போதுதான் சுகந்தி அதைச் சொன்னாள்.

"எனக்கு இன்னும் ஆறவே இல்லக்கா. அன்னிக்கு நான் தெளிவாச் சொன்னேனே, நின்ன நேரமும் சேத்தித்தான் கணக்கு, கடிகாரத்தைப் பாத்து ஓட்டுங்கன்னு. நீங்க இருங்க, அவருகிட்டக் கேட்டுக்கறேன், அவருக்குத்தான் இதெல்லாந் தெரியும்னு போன் போட்டீங்க. பேசிட்டு வந்து, நின்ன நேரத்தைக் கழிச்சிருவாங்களாம், அவரு பதினொரு தடவ ஓட்டியிருக்கறாருன்னு என்னையவே திருத்துனீங்க. சாரு அப்படியா சொன்னாரு?"

டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் சத்தத்தைக் குறைத்தேன். கூட்டினேன் என்றுதான் நினைக்கிறேன், எந்தப் பொத்தானை அழுத்தினேன் என்று நினைவில்லை.

பெட்டியைப் பார்த்து ஓட்டு என்று மட்டும் சொன்னதாக அன்றைக்கு எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவள் ஒரு தடவை திருப்பிக் கேட்டாள். அப்போது நின்ற நேரம் கழிந்துவிடும் என்றும் சொல்லியிருக்கலாம். சொன்னேன்.

கலாமணி என்னைப் பார்க்கவே இல்லை. கேசரித் தட்டை சுகந்தி பக்கம் நகர்த்தினாள்.

"அவரு சரியாத்தான் சொன்னாரு. நாந்தான் காத்துச் சத்தத்துல மாத்திக் கேட்டுட்டேன். சாப்புடு கண்ணு, ஆறுது" என்றாள்.

வந்தவள் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள். வாசல்வரை போய் வழியனுப்பினாள். நான் காத்திருந்தேன். கத்துவாள், அழுவாள், தட்டை விட்டெறிவாள், அப்பன் வீட்டுக்குப் போகிறேன் என்பாள், எதுவானாலும் பதில் தயாராக வைத்திருந்தேன். உன் நல்லதுக்குத்தான் என்று ஆரம்பிக்கலாம் என்று இருந்தேன். அவள் தட்டுகளைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தாள். விளக்கேற்றினாள். பிறகு கூடத்துக்கு வந்து எதிரே உட்கார்ந்தாள். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"இந்த இருபத்தி நாலு வருசத்துல, உங்களைக் கேட்டுக் கேட்டு நான் முடிவு பண்ணுனது வேற என்னென்னன்னு ரோசனை பண்ணீட்டு இருக்கறேனுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஆறரைக்குக் காபி. டம்ளரை வைத்துவிட்டு நின்றாள்.

கல்யாணமான அடுத்த வருஷம் பி.எட். சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். கொடுக்கப் போன நான் வந்து, கடைசித் தேதி முடிந்துபோய்விட்டது என்று சொன்னேனாம். நெசமாவே முடிஞ்சிருந்துதுங்களா என்று கேட்டாள். இருபத்தி மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை, யாருக்கு ஞாபகம் இருக்கும் என்றேன். சரிங்க என்று போய்விட்டாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஆறரைக்குக் காபி. ஸ்கூட்டர் லைசென்ஸுக்கு அவள் கண் பத்தாது என்று ஆபீசில் சொன்னார்களா, நானாகச் சொன்னேனா என்று கேட்டாள். அப்போது அவளுக்கு முப்பது வயது, கண் நன்றாக இருந்ததாம். ஞாபகம் இல்லை என்றேன். சரிங்க.

ஆகஸ்ட் 14, புதன்

பக்கத்து வீட்டுக்காரர்களோடு சிரித்துப் பேசுகிறாள். குழம்பில் உப்புக் குறைவதில்லை. என் பாண்டேஜைத் துவைத்துக் காயப்போடுகிறாள். நாள் முழுக்க ஒரு கடுஞ்சொல் இல்லை. ராத்திரி படுத்தால் நாளைக் காலை என்ன கேட்பாளோ என்று பழைய வருஷங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறேன். இன்றைய கேள்வியை எழுதவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

நானே முந்திக்கொண்டேன். அவள் டம்ளரை வைப்பதற்கு முன்னாலேயே, புது சைக்கிள் வாங்கித் தருகிறேன், சத்தியம் கித்தியம் எல்லாம் விட்டுவிடு, செப்டம்பரில் ஓட்டு, பெட்டியில் மணியையே வைத்துத் தருகிறேன் என்றேன்.

"சைக்கிள் கெடக்கட்டுங்க. அதை நான் பாத்துக்கறேன். இதை மட்டுஞ் சொல்லுங்க" என்று எதிரே உட்கார்ந்தாள். இதுவரை நின்றுகொண்டுதான் கேட்டிருக்கிறாள். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்கய்யனுக்கு முடியலைன்னு மில்லுக்குப் போன் வந்துதுங்களே. சும்மா காய்ச்சல்தான், ஞாயித்துக்கெழமை போய்ப் பாத்துக்கலாம்னு நீங்க வந்து சொன்னீங்க. சனிக்கெழமை போயிட்டாரு. அன்னிக்கு அவுங்க போன்ல என்னன்னு சொன்னாங்க?"

ஞாபகம் இல்லை என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. காபி ஆடை கட்டும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் மில்லில் ஆடிட் இருந்தது. போன் வந்தது வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு. இரண்டு நாள்கூடத் தாங்காது, அவர் பொண்ணைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார், உடனே அனுப்பி வையுங்கள் என்றார்கள்.